ஆட்ப்ளூ விளக்கு எரியுதா? டீசல் சொகுசு எஸ்யூவி வைத்திருப்பவர்கள் ஓயாமல் கேட்கும் கேள்விகள்

கோவையில் சின்னதாக ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். பிஎஸ் 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வண்டிகள் வந்த பிறகு, ஆயில் மாற்றுவது பற்றிக் கேட்கிறவர்களை விட ஆட்ப்ளூ, அதாவது டீசல் புகையைச் சுத்தம் செய்ய ஊற்றும் யூரியா திரவம், பற்றிக் கேட்கிறவர்கள் கூடிவிட்டார்கள். ஒரே பதிலை வாட்ஸ்அப்பில் பேசிப் பேசி அனுப்பித் தொண்டை வறண்டதுதான் மிச்சம். அதனால் எழுதியே வைத்துவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறேன். மேலிருந்து வரிசையாகப் படித்தால் சுலபம்.

டீசல் ஊத்துற இடத்துக்குப் பக்கத்துலயே நீல மூடி ஒண்ணு இருக்கே, அது எதுக்கு சார்?

அது ஆட்ப்ளூ ஊற்றும் வாய். சில வண்டிகளில் பானெட்டுக்கு அடியில் இருக்கும், சிலவற்றில் டிக்கித் தரையைத் தூக்கினால் தெரியும். டீசல் இன்ஜினுக்குள் சூடும் அதிகம், காற்றும் தாராளம். அந்தச் சூட்டில் காற்றிலிருக்கும் நைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து நைட்ரஜன் ஆக்சைடுகள் ஆகின்றன. வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனரில் 'நாக்ஸ்' என்று வருவது அதுதான். பிஎஸ் 4 காலத்தில் டீசல் காருக்கு கிலோமீட்டருக்கு 250 மில்லிகிராம் நாக்ஸ் வரை அனுமதி இருந்தது. 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ் 6-ல் அது 80 ஆனது. கனமான வண்டியில் இன்ஜினை மட்டும் சரிக்கட்டி இந்த அளவுக்குக் கொண்டுவருவது கஷ்டம். அதனால் சைலன்சரிலேயே ஒரு சின்ன ரசாயன ஆலையை வைத்துவிட்டார்கள்.

வேலை நடக்கும் விதம் இது. தொட்டியில் இருக்கும் திரவத்தை ஒரு பம்ப் சுமார் 5 பார் அழுத்தத்தில் தள்ளும். சைலன்சர் குழாயில் இருக்கும் இன்ஜெக்டர் அதைச் சூடான புகைமேல் பீய்ச்சும். சூட்டில் யூரியா உடைந்து அம்மோனியா ஆகும். அந்த அம்மோனியா, எஸ்சிஆர் கேட்டலிஸ்ட் என்ற வினையூக்கிக்குள் நாக்ஸோடு சேர்ந்து, வெறும் நைட்ரஜனாகவும் நீராவியாகவும் வெளியே போகும். கேட்டலிஸ்ட்டுக்கு முன்னால் ஒரு நாக்ஸ் சென்சார், பின்னால் ஒரு நாக்ஸ் சென்சார். இரண்டுக்கும் நடுவே எவ்வளவு குறைந்திருக்கிறது என்று கம்ப்யூட்டர் கணக்குப் பார்த்துக்கொண்டே இருக்கும். கீழே வரப்போகும் தகராறு எல்லாம் இந்தக் கணக்கில்தான்.

ஆட்ப்ளூ, டிஇஎஃப், யூரியா தண்ணி... மூணும் ஒண்ணுதானா? லாரிக்கு ஊத்துறதை என் வண்டிக்கு ஊத்தலாமா?

மூன்றும் ஒன்றுதான். ஆட்ப்ளூ என்பது ஜெர்மன் கார் உற்பத்தியாளர் சங்கத்துக்குச் சொந்தமான வணிகப் பெயர், டிஇஎஃப் என்பது பொதுப் பெயர், யூரியா தண்ணி நம் லாரிக்காரர்கள் வைத்த பெயர். உள்ளே இருப்பது 32.5 சதவீத யூரியா, மீதி உப்பு நீக்கிய தண்ணீர். ஐஎஸ்ஓ 22241 என்ற தரத்துக்கு உட்பட்டிருந்தால் லாரிக்கும் அதேதான், ஒரு கோடி ரூபாய் வண்டிக்கும் அதேதான். சொகுசு வண்டிக்கென்று தனித் திரவம் கிடையாது. வாங்கும்போது கேனில் அந்த எண்ணையும், தயாரித்த தேதியையும், மூடி சீல் உடையாமல் இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

எவ்வளவு குடிக்கும்?

ஓட்டும் விதத்தைப் பொறுத்து, ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒன்று முதல் இரண்டு லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மலை ஏறினால் கூடும். திடீரென்று இரண்டு மடங்கு குடித்தால் எங்கேயோ ஒழுகுகிறது, அல்லது இன்ஜெக்டர் மூடாமல் சொட்டுகிறது. ஒரு வருடமாகக் குறையவே இல்லை என்றாலும் சந்தோஷப்பட வேண்டாம், அதுவும் கோளாறுதான்.

ஊத்திட்டேன், ஆனா விளக்கு அணைய மாட்டேங்குது. ஏன்?

பெரும்பாலும் ஊற்றிய அளவு போதாது. ஒரு லிட்டர், இரண்டு லிட்டர் ஊற்றினால் பல வண்டிகள் கணக்கில் எடுத்துக்கொள்ளாது. ஐந்து லிட்டராவது சேர்த்து ஊற்றுங்கள். குறைந்தபட்சம் எவ்வளவு என்பது வண்டியோடு கொடுத்த கையேட்டில் இருக்கும். சமதளத்தில் நிறுத்தி ஊற்றி, இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் இக்னிஷனை மட்டும் ஒரு நிமிடம் போட்டு வைத்து, அப்புறம் கொஞ்ச தூரம் ஓட்டுங்கள். பல தொட்டிகளில் மட்டம் பார்ப்பது மீயொலி சென்சார். அடியிலிருந்து ஒலியை அனுப்பி, திரவத்தின் மேல்பரப்பில் பட்டுத் திரும்பும் நேரத்தை அளக்கும். இப்போதுதான் ஊற்றிய திரவத்தில் நுரையும் குமிழும் இருந்தால் அது குழம்பிவிடும்.

இப்படிச் செய்தும் மறுநாள் வரை விளக்கு எரிந்தால், அது 'தீர்ந்துவிட்டது' என்று சொல்லும் விளக்கு இல்லை. 'கோளாறு' என்று சொல்லும் விளக்கு. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டு வருகிறவர்கள்தான் அதிகம். மீட்டரில் வரும் வாசகத்தை ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

800 கிலோமீட்டர்ல ஸ்டார்ட் ஆகாதுன்னு காட்டுது. நடுரோட்ல, குடும்பத்தோட போகும்போது நின்னுடுமா?

ஓடிக்கொண்டிருக்கும் இன்ஜின் நிற்காது. எண்ணிக்கை பூஜ்ஜியத்துக்கு வந்த பிறகு நீங்கள் அணைத்தால், மறுபடி ஸ்டார்ட் ஆகாது. சட்டம் அப்படித்தான் அமைக்கச் சொல்கிறது: ஓட்டுநரை முதலில் எச்சரி, பிறகு நெருக்கு, கடைசியில் தடு.

அந்த 800-ஐ நிதானமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஊட்டிக்குப் போய் வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்பி, மேலே ஹோட்டல் வாசலில் வண்டியை விட்டுவிட்டு டாக்ஸியில் இறங்கி வந்தவர் ஒருவர் எனக்குத் தெரியும். பூஜ்ஜியம் ஆன வண்டிக்கு லிஃப்ட் லாரிச் செலவு தனி. அப்புறம் அதை எழுப்ப, அந்தத் தயாரிப்பாளருக்கான சரியான ஸ்கேனர் இருக்கிறவரைத் தேடும் அலைச்சல் தனி.

பேட்டரியைக் கழட்டி மாட்டினா அந்தக் கவுண்ட்டவுன் போயிடும்னு டிரைவர் சொல்றாரே?

போகாது. எண்ணிக்கை கம்ப்யூட்டரின் அழியாத நினைவகத்தில் இருக்கிறது. பேட்டரியைப் பிடுங்கினால் ஜன்னல் கண்ணாடி, ஸ்டீயரிங் கோணம் எல்லாம் மறுபடி பழக்க வேண்டிவரும், இது மட்டும் அப்படியே இருக்கும்.

இன்னொரு கெடுதலும் உண்டு. வண்டியை அணைத்தவுடன் பின்பக்கம் ஓரிரு நிமிடம் 'ர்ர்ர்' என்று ஒரு சத்தம் வரும், கவனித்திருக்கிறீர்களா? குழாயில் மிச்சமிருக்கும் ஆட்ப்ளூவைத் தொட்டிக்குத் திரும்ப உறிஞ்சும் சத்தம் அது. அந்த நேரத்தில் பேட்டரியைக் கழற்றினால் திரவம் குழாயிலும் இன்ஜெக்டரிலும் தங்கி, சூட்டில் காய்ந்து, உப்பாகக் கட்டிக்கொள்ளும். அணைத்து ஐந்து நிமிடம் கழித்தே பேட்டரியைத் தொடுங்கள். வேறு எந்த வேலைக்குக் கழற்றினாலும் இதே கணக்குதான்.

ஸ்கேன்ல நாக்ஸ் சென்சார்னு வந்துச்சு, புதுசு போட்டேன். இருபது நாள்ல மறுபடி அதே விளக்கு. சென்சார் டூப்ளிகேட்டா இருக்குமோ?

இருக்கலாம். ஆனால் என் முதல் சந்தேகம் அது இல்லை. ஃபால்ட் கோடு என்பது 'இந்தப் பாகம் செத்துவிட்டது' என்ற மரணச் சான்றிதழ் இல்லை. 'இந்த அளவு எனக்கு ஒத்து வரவில்லை' என்ற புகார் மனு, அவ்வளவுதான். புகாரில் பெயர் இருப்பவரே குற்றவாளி என்று முடிவு கட்டுவதால்தான் பல பத்தாயிரங்கள் வீணாகின்றன.

கோடுகளிலேயே இரண்டு வகை உண்டு. யு029டி, யு029ஈ என்று வந்தால் சென்சாரோடு பேச்சுவார்த்தையே இல்லை என்று அர்த்தம். ஃபியூஸ், ஒயரிங், ஒயரை இணைக்கும் கப்ளர், அதற்குப் பிறகுதான் சென்சார். பி2200, பி229ஈ என்பவை சென்சாரின் மின்சுற்றைப் பற்றியவை. சென்சாரை மாற்றினால் தீர நல்ல வாய்ப்பு உண்டு. ஆனால் பி2201, பி229எஃப் என்றால் 'சொல்லும் அளவு நம்பும்படி இல்லை' என்ற சந்தேகம். இதில்தான் அவசரப்படக் கூடாது.

அளவு உண்மையா என்று பார்க்க எளிய வழி ஒன்று இருக்கிறது. ஸ்கேனரை மாட்டி, வண்டியை நன்றாகச் சூடாக்கி, ஒரு இறக்கத்தில் கியரிலேயே ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை முழுக்க எடுத்துவிடுங்கள். அப்போது டீசல் பீய்ச்சுவது நின்றுவிடும், சைலன்சரில் போவது வெறும் காற்று. இரண்டு சென்சாரும் பூஜ்ஜியத்தை ஒட்டி இறங்க வேண்டும். ஒன்று மட்டும் 60, 70 பிபிஎம்மிலேயே (பத்து லட்சத்தில் அத்தனை பங்கு) மாட்டிக்கொண்டு நின்றால் அந்தச் சென்சார் பொய் சொல்கிறது. பின்சென்சார் கொஞ்சம் மெதுவாக இறங்கினால் அவசரப்படாதீர்கள், கேட்டலிஸ்ட்டில் மிச்சமிருக்கும் அம்மோனியாவையும் அது நாக்ஸ் என்றே படிக்கும்.

திருப்பூரிலிருந்து வந்த ஒரு வெள்ளை எஸ்யூவி. வேறு இடத்தில் இரண்டு நாக்ஸ் சென்சாரையும் மாற்றியிருந்தார்கள். அவிநாசி ரோட்டில் ஓட்டிப் பார்த்தேன், ஆக்ஸிலரேட்டரை விட்டதும் இரண்டும் ஒழுங்காகக் கீழே வந்தன. சென்சாரில் குறை இல்லை. ஆட்ப்ளூ இன்ஜெக்டரைக் கழற்றி அளவு ஜாடிக்குள் பீய்ச்சவிட்டால், வர வேண்டியதில் பாதிதான் வந்தது. துளைகளில் உப்பு. பழைய சென்சார்கள் உண்மையைத்தான் சொல்லியிருக்கின்றன, அதற்குத்தான் அவற்றுக்குத் தண்டனை. உரிமையாளர் அவற்றை டிக்கியிலேயே வைத்திருந்தார். ஒன்றைத் திரும்ப மாட்டிப் பார்த்தேன், நன்றாக வேலை செய்தது.

பி20ஈஈ வந்தா கேட்டலிஸ்ட்டே போச்சுன்னு சொல்லி பெரிய எஸ்டிமேட் குடுத்துட்டாங்க. உண்மையா?

பி20ஈஈ-யின் பொருள் 'நாக்ஸ் குறைய வேண்டிய அளவுக்குக் குறையவில்லை' என்பது மட்டும்தான். சாம்பார் ருசிக்கவில்லை என்றால் பாத்திரத்தையா மாற்றுகிறோம்? கேட்டலிஸ்ட் என் பட்டியலில் கடைசி.

முதலில் திரவம்: எவ்வளவு இருக்கிறது, எத்தனை சதவீதம், எப்போது ஊற்றியது. இதற்கு ஐந்து நிமிடமும் ஒரு சொட்டும் போதும், எப்படி என்று கீழே சொல்கிறேன். அடுத்து சைலன்சர் இணைப்புகள். கிளாம்ப் ஓரத்தில் கரிக்கோடு தெரிந்தால் அங்கே கசிகிறது, அளவுகள் எல்லாம் பொய்யாகும். பிறகு பம்ப் அழுத்தம், இன்ஜெக்டர் பீய்ச்சும் அளவு. அதன் பிறகு சென்சார்கள், மேலே சொன்ன இறக்கச் சோதனையோடு. புகைச் சூடு அளக்கும் சென்சாரையும் விட்டுவிடக் கூடாது. அது குறைவாகக் காட்டினால், 'இன்னும் சூடாகவில்லை' என்று நினைத்துக் கம்ப்யூட்டர் ஆட்ப்ளூவை விடவே விடாது. இவ்வளவும் சரி என்றால் இன்ஜின் பக்கம் திரும்புங்கள். புகையில் ஒரு பகுதியை இன்ஜினுக்கே திருப்பிவிடும் இஜிஆர் வால்வு அடைத்திருந்தால் இன்ஜினிலிருந்தே நாக்ஸ் அளவுக்கு மீறி வரும், எஸ்சிஆர் பாவம் என்ன செய்யும்?

எல்லாம் தாண்டிக் கேட்டலிஸ்ட்தான் என்று முடிவானால், ஏன் போனது என்பதையும் கேளுங்கள். இன்ஜின் ஆயில் எரிந்து போயிருக்கலாம், அசல் இல்லாத யூரியாவாக இருக்கலாம், அளவுக்கு மீறிய சூடாக இருக்கலாம். காரணத்தை விட்டுவிட்டுப் புதியதைப் போட்டால் அதுவும் அதே வழியில் போகும்.

ஆட்ப்ளூ கூடுதலா பீய்ச்சினாலும் அதே கோடு வருமா? கம்மியா போனாதானே பிரச்சினை?

நல்ல கேள்வி, மெக்கானிக்குகளே தடுமாறும் இடம். இன்ஜெக்டர் மூடாமல் சொட்டினால் அம்மோனியா மிஞ்சும், பின்சென்சாருக்கு வந்து சேரும். அது அம்மோனியாவையும் நாக்ஸ் என்று படிக்கும் என்று முன்பே சொன்னேன். ஆக, பின்னால் எண் ஏறுகிறது, கம்ப்யூட்டர் 'குறையவில்லை' என்கிறது, அதே பி20ஈஈ.

பிரித்தறிய, வண்டி சூடாக ஓடும்போது ஸ்கேனர் மூலம் பீய்ச்சுவதை நிறுத்திப் பாருங்கள், அல்லது இன்ஜெக்டர் கப்ளரைக் கழற்றிவிட்டுச் சிறிது தூரம் ஓட்டுங்கள். பின்சென்சார் எண் இறங்கினால் கூடுதலாகப் போயிருக்கிறது. ஏறினால் குறைவாகப் போயிருக்கிறது. சொட்டுவதுதான் காரணம் என்றால் கப்ளர் கழற்றினாலும் சொட்டும், அதனால் ஜாடிச் சோதனையும் கட்டாயம்: பீய்ச்சி முடித்த பிறகு நுனியை ஐந்து நிமிடம் உற்றுப் பாருங்கள். ஈரம் சேர்ந்து துளியாகக் கூடாது.

ஆட்ப்ளூ நல்லதா கெட்டதான்னு நானே பார்க்க முடியுமா?

முடியும். ஆட்ப்ளூவுக்கென்றே ரிஃப்ராக்டோமீட்டர் விற்கிறார்கள், கையடக்கமாகத்தான் இருக்கும். கண்ணாடியில் ஒரு சொட்டு விட்டு, மூடியை மூடி, வெளிச்சத்தைப் பார்த்துக் கண்ணில் வையுங்கள். நீலமும் வெள்ளையும் சந்திக்கும் கோடு 32.5-ஐ ஒட்டி நிற்க வேண்டும். தரத்தின்படி 31.8 முதல் 33.2 வரை சரி. 27, 28 என்று நின்றால் யாரோ தண்ணீர் கலந்திருக்கிறார்கள். தொட்டியில் இருப்பதையும் கேனில் இருப்பதையும் தனித்தனியாகப் பாருங்கள், குற்றம் எங்கே என்று தெரிந்துவிடும்.

ஆனால் இந்தக் கருவி அடர்த்தியைத்தான் சொல்லும், தூய்மையைச் சொல்லாது. அதற்கு ஒரு வீட்டு வைத்தியம்: சுத்தமான கண்ணாடி டம்ளரில் ஊற்றி வெயிலில் பிடியுங்கள். தண்ணீரைப் போலத் தெளிவாக இருக்க வேண்டும். கலங்கல், அடியில் தூசி, மேலே எண்ணெய்ப் படலம் எது இருந்தாலும் வேண்டாம்.

20 லிட்டர் கேன் வாங்கி டிக்கியிலயே வெச்சிருக்கேன். கெட்டுப் போகுமா?

போகும். 25 டிகிரிக்குள் வைத்தால் 18 மாதம், 30-க்குள் என்றால் 12 மாதம், 35 டிகிரியில் ஆறு மாதம் என்பது கணக்கு. மே மாதம் வெயிலில் நிற்கும் வண்டியின் டிக்கி எத்தனை டிகிரி என்று சொல்லத் தேவையில்லை. வாங்கினால் ஊற்றிவிடுங்கள். மிச்சத்தை வீட்டுக்குள் நிழலில் வையுங்கள்.

எங்க தோட்டத்துக்கு யூரியா மூட்டை வருது. வடிகட்டின தண்ணில கரைச்சு ஊத்தினா ஆகாதா? சதவீதம் சரியா வருதே!

சதவீதம் வரும், ரிஃப்ராக்டோமீட்டரும் 32.5 காட்டும். அதனால்தான் போன பதிலில் தூய்மை வேறு என்றேன். 2015 முதல் இந்தியாவில் மானிய யூரியா முழுவதும் வேப்பெண்ணெய் பூசித்தான் வருகிறது. மண்ணில் மெதுவாகக் கரைய வேண்டும், வேறு தொழிலுக்குத் திருட்டுத்தனமாகப் போகக் கூடாது என்பதற்காகத்தான் அந்தப் பூச்சு. பயிருக்கு நல்லது. உங்கள் இன்ஜெக்டரின் முடி போன்ற துளைக்கும் கேட்டலிஸ்ட்டுக்கும் அது எமன். அதோடு, உர யூரியாவில் பையூரெட் என்ற துணைப்பொருளும் கூடுதல், சூட்டில் கட்டியாகும். மானிய உரத்தை வேறு வேலைக்குப் பயன்படுத்துவது சட்டப்படி குற்றம் என்பது தனிக் கதை.

போர் தண்ணீரும் அப்படித்தான். நம் பக்கத் தண்ணீரில் இருக்கும் சுண்ணாம்பு கேட்டலிஸ்ட்டின் நுண்துளைகளில் போய் உட்கார்ந்தால் எழாது.

இன்ஜெக்டர் வாயில வெள்ளையா உப்பு பூத்திருக்கு. சுரண்டி எடுக்கலாமா?

சுரண்டாதீர்கள். சாதாரண யூரியா உப்பு என்றால் வெந்நீரிலேயே கரையும். உப்பு நீக்கிய தண்ணீரைக் கை பொறுக்கும் சூட்டுக்கு மேல் கொஞ்சம் காய்ச்சி, நுனியை மட்டும் மூழ்கவைத்து அரை மணி நேரம் விடுங்கள். கப்ளர் பக்கம் நனையக் கூடாது. வெள்ளை மறைந்து உலோகம் தெரியும். கம்பி, பின் ஊசி எதையும் துளைக்குள் விடாதீர்கள். பிறகு மறக்காமல் ஜாடிச் சோதனை.

வெந்நீருக்கு அசையாமல் பழுப்பும் மஞ்சளுமாகக் கல்லைப் போல இருந்தால் அது யூரியா இல்லை. சூடு போதாத புகையில் யூரியா பாதியில் நின்று, சயனூரிக் அமிலம் போன்ற பொருள்களாக மாறியது. வெந்நீர் இதற்கு எடுபடாது, நல்ல சூடு வேண்டும். ஏன் வந்தது? பெரும்பாலும் ஓட்டும் முறை. காலையில் பிள்ளையைப் பள்ளியில் விட இரண்டு கிலோமீட்டர், சாயந்திரம் டி. நகரில் ஏசியைப் போட்டுக்கொண்டு அரை மணி நேரம் நின்ற இடத்திலேயே ஓட்டம். சைலன்சர் 200 டிகிரியையே ஒழுங்காகத் தாண்டாது. வாரம் ஒரு முறையாவது நெடுஞ்சாலையில் அரை மணி நேரம் சீராக ஓட்டுங்கள், புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டியான டிபிஎஃப்-புக்கும் அது நல்லது.

கப்ளரையும் திறந்து பாருங்கள். இந்தத் திரவம் ஒயருக்குள்ளேயே ஊறி ஏறும், செம்பையும் பித்தளையையும் அரிக்கும். பின்களில் பச்சையோ வெள்ளையோ படிந்திருந்தால் சுத்தம் செய்து பயனில்லை, அந்த ஒயரை மாற்றுங்கள்.

சென்னையில எங்க சார் பனி? ஹீட்டர் ஃபால்ட்டை அப்படியே விட்டுடலாமா?

ஆட்ப்ளூ உறைவது மைனஸ் 11 டிகிரியில். ஊட்டியில் கூட அவ்வளவு வராது. லே, லடாக் போகாத வரை அந்த ஹீட்டர் ஒரு நாளும் உங்களுக்கு உதவப் போவதில்லை. ஆனால் கம்ப்யூட்டருக்குச் சென்னையும் தெரியாது, ஸ்டாக்ஹோமும் தெரியாது. ஹீட்டர் சுற்று அறுந்தால் பி20பி9 போன்ற கோடு வரும், விளக்கு எரியும், பல வண்டிகளில் கவுண்ட்டவுனும் தொடங்கும்.

எரிச்சல் என்னவென்றால், பல மாடல்களில் ஹீட்டர், பம்ப், மட்டம் பார்க்கும் சென்சார் எல்லாம் ஒரே தொகுப்பு. ஒன்று போனால் மொத்தமும் போக வேண்டும். அதனால் முதலில் ஃபியூஸ், ரிலே, கப்ளர், அப்புறம் மல்டிமீட்டரை வைத்து ஹீட்டரின் தடையை அளந்து, சுற்று உண்மையிலேயே அறுந்திருக்கிறது என்று கண்ணால் பார்த்த பிறகே தொகுப்புக்கு ஆர்டர் கொடுங்கள்.

பி20ஈ8, பிரஷர் கம்மின்னு வருது. பம்ப் மாத்தணுமா?

தொட்டி ஏறக்குறைய காலி என்றாலும் வரும். இன்ஜெக்டர் சொட்டினாலும் அழுத்தம் நிற்காது. குழாய் இணைப்பில் வெள்ளைத் தடம் இருந்தால் அங்கே காற்று இழுக்கிறது. இந்த மூன்றும் இல்லை என்றால் ஸ்கேனரில் பம்பை ஓடவிட்டு, அழுத்தம் ஏறி அங்கேயே நிற்கிறதா என்று பாருங்கள். ஏறவே இல்லை என்றால் பம்ப் அல்லது உள் ஃபில்டர். ஏறி, அணைத்ததும் சடாரென விழுந்தால் கசிவு. பம்ப் குற்றவாளியாவது ஏறாதபோதுதான்.

வெள்ளத்துல ஓட்டினப்புறம் நாக்ஸ் சென்சார் போயிடுச்சு. தண்ணிக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?

நாக்ஸ் சென்சாரின் உள்ளே இருப்பது பீங்கான், வேலை செய்யும்போது 800 டிகிரி வாக்கில் சூடாக இருக்கும். சூடான தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தால் என்ன ஆகும்? சைலன்சருக்குள் ஒரு துளி தண்ணீர் போய்ப் பட்டாலே விரிசல்தான். அதனால்தான் குளிர்ந்த சைலன்சரில் ஈரம் காயும் வரை கம்ப்யூட்டர் அந்த ஹீட்டரை எரிக்காது. 2023 டிசம்பர் மிக்ஜாம் மழை போல ஒன்று வந்தால், டெயில் பைப் முங்கும் அளவுத் தண்ணீரில் இறங்காதீர்கள். சென்சாரின் ஒயரோடு சேர்ந்த சின்னக் கட்டுப்பாட்டுப் பெட்டியும் வண்டிக்கு அடியில்தான் தொங்குகிறது.

பங்க்ல பையன் ஆட்ப்ளூவை டீசல் டேங்க்ல ஊத்திட்டான்! என்ன பண்ண?

சாவியைத் தொடாதீர்கள். இக்னிஷன் போட்டாலே உள் பம்ப் ஓடும் வண்டிகள் உண்டு. ஆட்ப்ளூ டீசலை விடக் கனம், கலக்காமல் அடியில் போய் நிற்கும். பம்ப் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான். வண்டியைத் தள்ளி ஓரம் கட்டி, தொட்டியை இறக்கிக் கழுவினால் செலவு சிறிது. ஸ்டார்ட் செய்துவிட்டால் ஹை பிரஷர் பம்ப், ரெயில், இன்ஜெக்டர் என்று வரிசையாகப் போகும்.

எதிர்ப்பக்கமாக, டீசலை ஆட்ப்ளூ தொட்டியில் ஊற்றினாலும் அதே விதி. கொஞ்சம் போனாலும் உள்ளே இருக்கும் ரப்பர் சீல்கள் ஊதிவிடும். தொட்டி, பம்ப், குழாய், இன்ஜெக்டர் எல்லாம் மாற்ற வேண்டி வரலாம்.

பார்ட் மாத்தியாச்சு, கோடும் அழிச்சாச்சு. இன்னும் விளக்கு எரியுதே?

இரண்டு காரணம். ஒன்று, பழைய பாகத்துக்கு ஏற்ப கம்ப்யூட்டர் பழகி வைத்திருந்த திருத்தங்களை ஸ்கேனரில் அழிக்க வேண்டும். அழிக்காவிட்டால் நல்ல இன்ஜெக்டரையும் கெட்டதென்று எண்ணிக் கூடுதலாகப் பீய்ச்சச் சொல்லும். இரண்டு, கணக்கு சரியாகிவிட்டது என்று அதுவே ஓட்டிப் பார்த்து உறுதி செய்ய வேண்டும். சூடான சைலன்சர், சீரான வேகம், சில சமயம் ஒன்றுக்கு மேற்பட்ட பயணங்கள். நான் வேலை முடித்ததும் நாற்பது, ஐம்பது கிலோமீட்டர் ஓட்டாமல் சாவியைக் கொடுப்பதில்லை.

எமுலேட்டர் போட்டு மொத்தமா ஆஃப் பண்ணித் தர்றேங்கிறாங்க. செலவும் கம்மி. பொல்யூஷன் டெஸ்ட்லயும் பாஸ் ஆகுமாம்!

எமுலேட்டர் என்பது எஸ்சிஆர் ஒழுங்காக வேலை செய்கிறது என்று கம்ப்யூட்டரை ஏமாற்றும் பெட்டி. பாஸ் ஆகும், உண்மைதான். நம் ஊர் டீசல் சோதனை புகையின் கருமையைத்தான் பார்க்கிறது. நாக்ஸ் கண்ணுக்குத் தெரியாத வாயு, அதை அளப்பதே இல்லை. அதனால் சான்றிதழ் கையில் இருப்பதை வைத்து எஸ்சிஆர் நன்றாக இருக்கிறது என்றும் நினைக்காதீர்கள்.

ஆனால் மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 வண்டியை இப்படி மாற்ற விடாது. பிரிவு 190(2)-ல் 10,000 ரூபாய் வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறை, லைசென்ஸ் இடைநீக்கமும் உண்டு. ஃபோக்ஸ்வேகன் 2015 செப்டம்பரில் அமெரிக்காவில் மாட்டியதும், சோதனையில் ஒரு மாதிரியும் ரோட்டில் ஒரு மாதிரியும் நடந்துகொள்ளும் மென்பொருளால்தான். நான் இந்த வேலையைச் செய்வதில்லை. செய்துகொண்டு வந்த வண்டியைத் திரும்பச் சரிக்கட்டியிருக்கிறேன். ஒயரிங்கை வெட்டி ஒட்டியிருந்ததைப் பழையபடி ஆக்கவே இரண்டு நாள் ஆனது, பம்ப் ஓடாமல் கிடந்து உள்ளே உப்பு கட்டியிருந்தது வேறு.

செகண்ட்ஸ்ல ஒரு டீசல் எஸ்யூவி பார்த்து வெச்சிருக்கேன். ஆட்ப்ளூ பக்கம் என்ன பார்க்கணும்?

நீல மூடியைத் திறந்து, வாயைச் சுற்றி உப்புப் படிந்திருக்கிறதா என்று பாருங்கள். கொஞ்சம் இருந்தால் கவனக்குறைவு, நிறைய இருந்தால் கேள்வி கேளுங்கள். ரிஃப்ராக்டோமீட்டரில் ஒரு சொட்டு. ஸ்கேனரில் இப்போதைய கோடு மட்டும் போதாது, கோடு அழித்து எத்தனை கிலோமீட்டர் ஆகிறது என்பதையும் பாருங்கள். 'நேற்றுத்தான் அழித்தோம்' என்று தெரிந்தால் நல்லதில்லை. பிறகு அரை மணி நேரம் ஓட்டி, முன் சென்சாரில் நூற்றுக்கணக்கில் இருக்கும் எண் பின்னால் நன்றாகக் குறைந்திருக்கிறதா என்று பாருங்கள். ஆட்ப்ளூ மட்டம் பல மாதமாகக் குறையவே இல்லை என்று விற்பவர் பெருமையாகச் சொன்னால், வண்டிக்கு அடியில் படுத்து எமுலேட்டர் பெட்டியைத் தேடுங்கள்.